எதிர்க்கட்சியின் பிரைமரியில் போய் ஓட்டுப் போடலாமா?

மிச்சிகனில் நோவி பக்கம் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. போன வருஷம்தான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்கிறார். (பிரைமரி என்பது, நவம்பர் பொதுத் தேர்தலில் ஒரு கட்சிக்காக யார் நிற்பது என்று வாக்காளர்களே முன்கூட்டி முடிவு செய்யும் தேர்தல்.) "மனசளவில் நான் ஜனநாயகக் கட்சி. ஆகஸ்ட் பிரைமரியில் எங்கள் பக்கம் பெரிய போட்டி இருக்காது போலிருக்கிறது. ஆபீஸ் நண்பர்கள், 'குடியரசுக் கட்சிப் பக்கம் போய், நவம்பரில் சுலபமாகத் தோற்கிற ஆளாகப் பார்த்துப் போடு' என்கிறார்கள். இது சட்டப்படி செல்லுமா? செல்லும் என்றால் செய்யலாமா?"

சட்டப்படி செல்லும். மிச்சிகனில் வாக்காளர் பதிவின்போது கட்சியைக் கேட்பதே கிடையாது. ஆகஸ்ட் பிரைமரியில் நீங்கள் எந்தக் கட்சிக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை. செய்யலாமா என்பதற்கு என் பதில் கொஞ்சம் நீளம். எதிர்க்கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுவது தப்பில்லை, சில ஊர்களில் சில வருஷங்களில் அது அவசியமும்கூட. ஆனால் அங்கே போய், பதவிக்கு வரவே கூடாது என்று நீங்களே நினைக்கிற ஆளுக்குப் போடாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் ஓட்டுப் போட்டவன், பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். விருப்ப மனு வாங்குவார்கள், கட்டணம் கட்டச் சொல்வார்கள், நேர்காணல் நடக்கும், அப்புறம் ஒரு நாள் பட்டியல் வெளியாகும். வாக்காளருக்கு அதில் வேலையே இல்லை. 'கட்சி மாறி ஓட்டு' என்று நம் பத்திரிகைகளில் வந்தால் அது பெரும்பாலும் ராஜ்யசபா தேர்தலில் எம்எல்ஏக்கள் செய்த காரியமாக இருக்கும். அமெரிக்காவில் வேட்பாளரைப் பொறுக்கி எடுப்பதே ஒரு பொதுத் தேர்தல் மாதிரி நடக்கிறது. அரசாங்கம்தான் வாக்குச்சாவடி போடுகிறது, செலவு மக்களின் வரிப்பணம். அதனால்தான், 'இது கட்சியின் வீட்டு விஷயமா, ஊர் விஷயமா?' என்ற சண்டை நூறு வருஷத்துக்கு மேலாக ஓயாமல் நடக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் 1903இல் மாநிலம் முழுவதற்குமான பிரைமரிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பின்னால் நின்ற கவர்னர் ராபர்ட் லா ஃபாலெட், கட்சி முதலாளிகள் அறைக்குள் உட்கார்ந்து ஆள் பொறுக்குவதை ஒழிக்க வேண்டும் என்று போராடியவர்.

இப்போது மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க், ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்றவை மூடிய பிரைமரிகள்: கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் அன்றைக்கு ஒரு கட்சியைத் தேர்ந்துகொள்ளலாம். மிச்சிகன், விஸ்கான்சின், டெக்சஸ், ஜார்ஜியா, வர்ஜீனியாவில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சியின் பிரைமரிக்கும் போகலாம், ஒன்றே ஒன்றுக்குத்தான். அதிலும் டெக்சஸில் வாக்குச்சீட்டு வாங்கும்போதே கட்சியைச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ஒரு கட்சிக்குப் போட்டவர், அடுத்து நடக்கும் ரன்ஆஃப் எனப்படும் இரண்டாம் சுற்றில் மறு கட்சிக்குத் தாவ முடியாது.

மிச்சிகனின் ஆகஸ்ட் சீட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. ஒரே தாளில் இரண்டு கட்சிகளும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக இருக்கும். ஒரு பத்திக்குள்ளேயே இருந்துகொண்டு, பெயருக்கு எதிரே இருக்கும் வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒரு பெயர் இந்தப் பத்தியில், ஒரு பெயர் அந்தப் பத்தியில் என்று நிரப்பினால் கட்சிப் பகுதி முழுக்கச் செல்லாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மாலை, நான் ஓட்டு எண்ணும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். எழுபது வயது இருக்கும் ஒரு தமிழ் அம்மா, பருத்திப் புடவையும் காலில் ஸ்னீக்கர்ஸுமாக, ரகசிய உறைக்குள் சீட்டை வைத்துக்கொண்டு வந்தார்கள். மேலே இருக்கும் நம்பர் துண்டைக் கிழித்துக்கொண்டு, அவர்கள் சீட்டை உள்ளே விட்டதும் இயந்திரம் திருப்பித் தள்ளிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளில் குறி இருக்கிறது என்று திரையில் செய்தி. நாங்கள் சீட்டைப் பார்க்கக் கூடாது. அதனால் நாலடி தள்ளி நின்று, "அம்மா, ஏதாவது ஒரு கட்சிப் பத்தியில்தான் போட முடியும். வேறு சீட்டு தருகிறோம், திரும்பப் போடுகிறீர்களா?" என்று தமிழிலேயே கேட்டேன். "ரெண்டு பக்கமும் நல்லவங்க இருக்காங்களேப்பா" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. பழைய சீட்டைச் செல்லாதது என்று குறித்துவிட்டுப் புதுசு கொடுத்தோம். மறுபடி மறைவுக்குப் போய் வெகு நேரம் நின்று யோசித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அந்த அம்மா கேட்டது நடக்காத காரியமே இல்லை. கலிஃபோர்னியாவில் 1996இல் மக்கள் ஓட்டுப் போட்டு அப்படியே ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். கவர்னர் பதவிக்கு இந்தக் கட்சி, செனட்டுக்கு அந்தக் கட்சி என்று ஒரே சீட்டில் மாறி மாறிப் போடலாம். வாஷிங்டன் மாநிலத்தில் அது 1935 முதலே இருந்தது. கலிஃபோர்னியாவில் கட்சிகள் வழக்குப் போட்டன. 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்த முறையைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. கட்சியில் சேராதவர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள்கூட, ஒரு கட்சியின் வேட்பாளரைத் தீர்மானிக்கும்படி அரசு கட்டாயப்படுத்துவது கட்சியின் சங்க உரிமையை மீறுகிறது என்பது சாரம்.

அதற்கு மாற்றாக அந்த இரண்டு மாநிலங்களும் பிடித்த வழி: கட்சி பார்க்காமல் எல்லோரையும் ஒரே களத்தில் நிறுத்தி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களை நவம்பருக்கு அனுப்புவது. வாஷிங்டன் 2008 முதலும் கலிஃபோர்னியா 2012 முதலும் இப்படித்தான் நடத்துகின்றன. நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. 2016இல், சென்னையிலிருந்து வந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியாவில் செனட்டுக்கு நின்றபோது, நவம்பரில் அவரை எதிர்த்தவர் லொரெட்டா சான்செஸ், அவரும் ஜனநாயகக் கட்சி. அதே நவம்பரில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சியாட்டிலில் காங்கிரஸுக்கு நின்றபோதும் எதிரே நின்றவர் அவர் கட்சிக்காரரே. அந்த இரண்டு இடங்களிலும் குடியரசுக் கட்சி வாக்காளர்கள் இரண்டு எதிர்க்கட்சிக்காரர்களில் யார் தேவலாம் என்று பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது, அல்லது அந்த இடத்தைக் காலியாக விட வேண்டியிருந்தது. அங்கே 'எதிர்க்கட்சியின் பிரைமரி' என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது.

கட்சிகள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வருஷக்கணக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவனின் வேட்பாளரை, அன்றைக்கு ஒரு நாள் வந்துபோகிறவன் தீர்மானித்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் 'எங்கள் கட்சி, எங்கள் உரிமை' என்ற அதே வாதத்துக்கு இந்த நாட்டில் ஓர் அசிங்கமான வரலாறு இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. டெக்சஸில் அந்தக் கட்சி, பிரைமரியில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தது. நாங்கள் தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார்கள். ஹூஸ்டனில் பல் மருத்துவரான லானி ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் வழக்குத் தொடர்ந்தார். 1944இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் அந்த வெள்ளையர் பிரைமரியைச் சட்டவிரோதம் என்றது. எந்தத் தேர்தலில் முடிவு உண்மையில் தீர்மானமாகிறதோ, அந்தத் தேர்தலில் ஒருவனுக்கு ஓட்டு இல்லை என்றால் அவனுக்கு ஓட்டே இல்லை. உங்கள் கேள்விக்கு நான் யோசித்துப் பார்க்கும் இடம் இதுதான்.

இனி மிச்சிகன் கதைக்கு வருகிறேன். இந்த மாநிலத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு.

1972 மே 15 அன்று, ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் மேரிலாந்தில் பிரசாரம் செய்துகொண்டிருந்தபோது சுடப்பட்டார். இனப் பிரிவினையைத் தூக்கிப் பிடித்துப் பேர் வாங்கியவர். மறுநாளே மிச்சிகன் ஜனநாயகக் கட்சி பிரைமரி. அதில் 51 சதவீத ஓட்டு வாங்கி வாலஸ் ஜெயித்தார். இனங்களைக் கலப்பதற்காகப் பள்ளிக் குழந்தைகளை பஸ்ஸில் வேறு பகுதிகளுக்கு அனுப்புவது பற்றி அப்போது டெட்ராய்ட் சுற்றுவட்டாரம் கொதித்துக்கொண்டிருந்தது. குடியரசுக் கட்சிக்காரர்கள் பலரும் இந்தப் பக்கம் வந்து வாலஸுக்குப் போட்டார்கள். அவர்களில் ஜனநாயகக் கட்சியைக் குழப்ப வந்தவர்களும் இருந்தார்கள், வாலஸ் சொன்னது பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். எண்ணும்போது இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

2000 பிப்ரவரி 22 நான் கண்ணால் பார்த்தது. குடியரசுக் கட்சியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜான் மெக்கெய்னும் மோதினார்கள். மிச்சிகன் கவர்னர் ஜான் எங்லர், இந்த மாநிலத்தை புஷ்ஷுக்கு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஜனநாயகக் கட்சிக்கு அன்றைக்குப் போட்டி எதுவும் இல்லை. அந்தக் கட்சி தானே நடத்தும் காகஸ் எனப்படும் வேட்பாளர் தேர்வுக் கூட்டம் மார்ச்சில்தான். எங்கள் தெருவில் கார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார், தொழிற்சங்கத்துக்காரர், வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சி. அன்று காலையில் பனி வழித்துக்கொண்டே, "மெக்கெய்னுக்குப் போட்டுவிட்டு வந்தேன்" என்றார். எங்லர் மூக்கை உடைக்கவா என்று கேட்டேன். "அதுவும்தான். ஆனால் அந்த ஆள் ஜனாதிபதியாக வந்தாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். மெக்கெய்ன் 51க்கு 43 என்று ஜெயித்தார். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பின்படி, அன்றைக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் குடியரசுக் கட்சிக்காரர்களே இல்லை. கட்சிக்காரர்களிடையே புஷ்தான் பெரிய வித்தியாசத்தில் முன்னால் இருந்தார். கடைசியில் கட்சி புஷ்ஷைத்தான் தேர்ந்தெடுத்தது என்பது வேறு விஷயம். அந்தத் தாத்தா சொன்ன தூக்கக் கணக்கைத்தான் நான் அன்றிலிருந்து அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

2008இல் மிச்சிகன் ஜனநாயகக் கட்சி தேசியக் கட்சியின் விதியை மீறி ஜனவரியிலேயே பிரைமரி வைத்தது. அதற்குத் தண்டனையாக, ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் மிச்சிகனுக்கு இருந்த பிரதிநிதிகளைப் பறித்தார்கள். ஒபாமா தன் பெயரையே சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். சும்மா இருக்கிறோமே, குடியரசுக் கட்சிப் பக்கம் போய் மிட் ராம்னிக்குப் போட்டு அவர்கள் சண்டையை நீட்டிவிடுவோம் என்று இடதுசாரி வலைப்பதிவர் மார்கோஸ் மௌலிட்சாஸ் அழைப்பு விடுத்தார். ராம்னி ஜெயித்தார், ஆனால் அவர் பிறந்த ஊர் டெட்ராய்ட், அப்பா இங்கே கவர்னராக இருந்தவர், கட்சிக்காரர்களின் ஓட்டே அவருக்குப் போதுமானதாக இருந்தது. 2012இல் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. குடியரசுக் கட்சியில் ராம்னியோடு மோதிய ரிக் சான்டோரம் தரப்பு ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்புகள் அனுப்பியது: கார் கம்பெனிகளுக்கு அரசு உதவியதை ராம்னி எதிர்த்தார், வந்து அவருக்கு எதிராகப் போடுங்கள் என்று. ராம்னி கோபப்பட்டார், இது கேவலமான தந்திரம் என்றார். அதே ராம்னி 1992இல் மாசசூசெட்ஸில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பால் சாங்கஸுக்கு ஓட்டுப் போட்டவர். குடியரசுக் கட்சியில் உண்மையான போட்டி இல்லாதபோது, எதிர்ப்பக்கம் போய் நம் ஆளுக்குப் பலவீனமான எதிரி யாரோ அவருக்குப் போடுவேன் என்று பின்னாளில் டிவி பேட்டியிலேயே விளக்கம் சொன்னார். சுருக்கமாக, இரண்டு கட்சிகளும் இதைச் செய்திருக்கின்றன, இரண்டும் தனக்கு நடக்கும்போது திருட்டு என்றிருக்கின்றன.

2008 வசந்தத்தில் வானொலிக்காரர் ரஷ் லிம்பா, 'ஆபரேஷன் கேயாஸ்' என்று பெயர் வைத்து, குடியரசுக் கட்சிக்காரர்களை டெக்சஸ், ஒஹையோ, இண்டியானா பிரைமரிகளில் ஹிலரி கிளின்டனுக்குப் போடச் சொன்னார். கிளின்டன்-ஒபாமா சண்டை நீள வேண்டும், ஒபாமா அடிபட வேண்டும் என்பது எண்ணம். இண்டியானாவில் கிளின்டன் சுமார் 14 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒபாமா வேட்பாளரானார், அந்த நவம்பரில் இண்டியானாவையே ஜெயித்தார். 1964க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவர். அவ்வளவு நீளச் சண்டை அந்த மாநிலத்தில் அவருக்கு ஆட்களையும் அலுவலகங்களையும் உண்டாக்கிக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். பொதுவாக அரசியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்தபோதெல்லாம் கண்டது, குழப்புவதற்காக வருகிறவர்கள் கொஞ்சம்தான் என்பது. கட்சி தாண்டி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒருவருக்குப் போடவே வருகிறார்கள்.

சரி, பலவீனமான எதிரியைத் தேர்ந்தெடுக்கும் வித்தை எப்போதுமே பலிக்காதா? பலித்திருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. 2012இல் மிசௌரியின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சி பிரைமரியில் தனக்கு லேசான எதிரி டாட் ஏகின் என்று கணக்குப் போட்டு, 'இவர் ரொம்பப் பழமைவாதி' என்று சொல்லி ஏகினையே தூக்கிவிடும் விளம்பரங்களுக்குச் சுமார் 17 லட்சம் டாலர் செலவழித்தார். ஏகின் வேட்பாளரானார், பாலியல் வன்முறை பற்றி வாயை விட்டுக் கெட்டார், மெக்காஸ்கில் சுலபமாக ஜெயித்தார். நம் மிச்சிகனிலேயே, 2022இல் கிராண்ட் ராப்பிட்ஸ் தொகுதியில், டிரம்ப்புக்கு எதிராக இம்பீச்மென்ட் எனப்படும் பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்த 10 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒருவரான பீட்டர் மைஜருக்கு எதிராக, டிரம்ப் ஆதரித்த ஜான் கிப்ஸைத் தூக்கிவிடும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. கிப்ஸ் பிரைமரியில் ஜெயித்தார், நவம்பரில் ஹிலரி ஸ்கோல்டனிடம் தோற்றார். கணக்குப்படி வெற்றி. ஆனால் கட்சியை மீறி மனசாட்சிப்படி ஓட்டுப் போட்ட ஒருவரை, அதைப் பாராட்டிய பக்கமே காசு போட்டுக் கவிழ்த்தது. அடுத்த தடவை அந்த மாதிரித் துணிய நினைக்கும் குடியரசுக் கட்சிக்காரர் என்ன பாடம் எடுத்துக்கொள்வார்? எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் 2016. டிரம்ப் வேட்பாளராக வந்தால் நமக்கு நல்லது, சுலபமாகத் தோற்கடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அன்று எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தாலும் தெரிந்திருக்கும். நவம்பரில் மிச்சிகனை அவர் 10,704 ஓட்டில் ஜெயித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராகிவிட்ட யாருமே ஜெயிக்க முடியாதவர் இல்லை. பொருளாதாரம் சரியலாம், உங்கள் ஆளுக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், கடைசி வாரத்தில் ஏதாவது கிளம்பலாம்.

எதிர்ப்பக்கம் போவதில் என்னை நிமிர வைத்த தேர்தலும் உண்டு. மிசிசிப்பியில் 2014 ஜூன். ஆறு முறை செனட்டரான தாட் காக்ரன், குடியரசுக் கட்சி பிரைமரியின் முதல் சுற்றில் கிறிஸ் மெக்டானியலுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு பின்னால் இருந்தார். யாருக்கும் 50 சதவீதம் இல்லை என்பதால் மூன்று வாரம் கழித்து ரன்ஆஃப். காக்ரன் தரப்பு கறுப்பின வாக்காளர்களிடம் போனது. அவர்கள் காலங்காலமாக ஜனநாயகக் கட்சி. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வாங்காதவர்கள் யார் வேண்டுமானாலும் இதில் போடலாம் என்பது விதி. அந்த மாநிலத்தில் நவம்பரில் ஜனநாயகக் கட்சி செனட்டைப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம், ஆகவே அந்த ஜூன் நாள்தான் உண்மையான தேர்தல். முதல் சுற்றைவிட 60 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். காக்ரன் 8 ஆயிரத்துக்குக் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் மாவட்டங்களில் ஓட்டு எகிறியிருந்தது. சரியாக 50 வருஷம் முன்னால், 1964 ஜூனில், அதே மாநிலத்தில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உழைத்த மூன்று இளைஞர்களைக் கொன்று புதைத்தார்கள். மெக்டானியல் வழக்குப் போனார், காலம் கடந்து வந்ததாகச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்சியின் வேட்பாளரைக் கட்சிக்கு வெளியில் இருப்பவர்கள் தீர்மானித்துவிட்டார்கள் என்று அவர் ஆட்கள் கொதித்ததை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் செனட்டர் அந்தக் கறுப்பின வாக்காளர்களுக்கும் சேர்த்துத்தானே?

ஜார்ஜியாவில் 2022 மே மாதம் நடந்ததும் அதே ஜாதி. 2020 முடிவை மாற்ற, 11,780 ஓட்டைக் கண்டுபிடித்துக் கொடு என்று டிரம்ப் கேட்டபோது மறுத்த, தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைக் கவிழ்க்க, டிரம்ப் ஓர் ஆளை நிறுத்தியிருந்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாக்காளர் பதிவேடுகளை அலசியதில், 2020இல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்களில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தடவை குடியரசுக் கட்சிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். ராஃபென்ஸ்பெர்கர் 52 சதவீதம் சொச்சம் வாங்கி ரன்ஆஃப் இல்லாமலே தப்பினார். வயோமிங்கில், டிரம்ப்பை எதிர்த்த குடியரசுக் கட்சி காங்கிரஸ் உறுப்பினர் லிஸ் சேனி இதே உதவியைக் கேட்டுப் பார்த்தார், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அவருக்காகக் கட்சி மாறியும் பார்த்தார்கள். அங்கே அவர்கள் எண்ணிக்கையே குறைவு, 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். அடுத்த வருஷமே, மனுத் தாக்கல் தொடங்கிய பிறகு கட்சி மாற முடியாது என்று வயோமிங் சட்டத்தைத் திருத்திவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பக்கம் போவதற்கு நீங்கள் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் சீட்டில் கவர்னர் மட்டும் இல்லை. காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம், கவுண்ட்டி கமிஷனர் என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். பத்தியை மாற்றினால் அத்தனையிலும் உங்கள் கட்சிப் போட்டியை விட்டுக்கொடுக்கிறீர்கள். நோவி இருக்கும் ஓக்லண்ட் கவுண்ட்டியில் பல இடங்களில் நவம்பர் சம்பிரதாயம்தான், ஆகஸ்டிலேயே முடிந்துவிடும். பத்தியின் அடியில் 'பிரிசிங்ட் டெலிகேட்' என்று ஒரு வரி இருக்கும். வாக்குச்சாவடி அளவில் கட்சிப் பிரதிநிதி. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், விரல் விட்டு எண்ணும் ஓட்டில் ஜெயிப்பவர்கள் உண்டு. ஆனால் மிச்சிகனில் அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலாளர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகியோருக்குக் கட்சி வேட்பாளர்களை நிறுத்துவது பிரைமரி இல்லை, கட்சி மாநாடு. குறிப்பாகக் குடியரசுக் கட்சியில், அந்த மாநாட்டுக்குப் போகும் சங்கிலியின் முதல் கண்ணி இந்த டெலிகேட்தான்.

'எங்கள் பக்கம் போட்டி இல்லை' என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அதை நம்பி விடாதீர்கள். 2016 மார்ச்சில் மிச்சிகனில் ஹிலரி கிளின்டன் 20 புள்ளி முன்னணியில் இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. எங்கள் வட்டத்திலேயே இரண்டு மூன்று பேர், அவர் எப்படியும் ஜெயிப்பார் என்று டிரம்ப்பைத் தடுக்க அந்தப் பக்கம் போனார்கள். அன்று ராத்திரி பெர்னி சாண்டர்ஸ் 18 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் மிச்சிகனை ஜெயித்தார். இவர்களுக்கு அந்தப் போட்டியில் ஓட்டே இல்லை. 2024 பிப்ரவரியிலும் அப்படித்தான்: காஸா விஷயத்தில் பைடனுக்குத் தங்கள் அதிருப்தியைக் காட்ட ஜனநாயகக் கட்சிச் சீட்டில் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற இடத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறியிட்டார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்குப் போட வேண்டும் என்று நினைத்தவர்கள் அதைச் செய்ய முடியாது, இதைச் செய்தவர்கள் அவருக்குப் போட முடியாது.

ஆகவே தம்பி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஊர்த் தேர்தல் வேலையைப் பார்க்கும் கிளார்க் அலுவலகத்திலோ மாநிலத் தேர்தல் இணையதளத்திலோ உங்கள் முகவரிக்கான மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து, கவர்னரிலிருந்து டெலிகேட் வரை இரண்டு பத்திகளையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். உங்கள் பத்தியில் உண்மையிலேயே எங்குமே போட்டி இல்லை, அந்தப் பத்தியில் 'இவர் வந்தால் பரவாயில்லை, அவர் வந்தால் ஆபத்து' என்று நீங்கள் நினைக்கும் இரண்டு பேர் நெருக்கத்தில் மோதுகிறார்கள் என்றால், தயங்காமல் போய் முதலாமவருக்குப் போடுங்கள். உங்களையும் ஆளப் போகிறவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. இரண்டாமவருக்குப் போடச் சொல்லும் நண்பரிடம், அவர் ஜெயித்துவிட்டால் நவம்பருக்குப் பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நடைமுறை விஷயங்கள் சில. எந்தப் பத்தியில் போட்டாலும், சீட்டின் கட்சி சாராத பகுதியையும் வரி, பள்ளிக்கூடம், பூங்கா பற்றிய கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். அவற்றுக்கும் பத்திக்கும் சம்பந்தமில்லை. தபாலில் ஓட்டுப் போட்டால் எச்சரிக்க இயந்திரம் பக்கத்தில் இருக்காது, இரண்டு பத்திகளிலும் குறி விழாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய பிறகு மனம் மாறினால், கெடு முடிவதற்குள் கிளார்க்குக்கு எழுதிக் கொடுத்து அதை ரத்து செய்து வேறு சீட்டு வாங்கலாம். ஜனாதிபதி பிரைமரிக்கு விதி வேறு: அதற்கு மட்டும் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும், எந்தச் சீட்டு வாங்கினீர்கள் என்பது பதிவாகும், கேட்டால் மற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது அப்போதும் ரகசியம்தான். வீட்டில் அப்பா அம்மா கிரீன் கார்டில் இருந்தால், டிரைவிங் லைசென்ஸ் வாங்கும்போதோ வேறெங்குமோ எக்காரணம் கொண்டும் அவர்கள் வாக்காளராகப் பதிவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டால் நாடு கடத்தும் வரை போகலாம்.